பாலும் டாட்ஜி, லிஃப்டும் டாட்ஜி

பதினேழாவது அத்தியாயம்

அக்கா விழுந்த வாரத்திலிருந்து வாசகர்கள் என்னைத் திட்டித் தீர்க்கிறார்கள். பாவம், அவளை ஏன் விழ வைத்தீர்கள் என்று கேட்கிறார்கள். நானா பிடித்துத் தள்ளினேன்? ஆறாவது மாடியில் லிஃப்ட் நின்றது, கதவு திறந்தது. திறந்த பிறகு அது சத்தமில்லாமல் ஒரு சாண் மேலே ஏறிவிட்டது. முகவாய்வரை துணி மூட்டையை அணைத்துக்கொண்டிருந்தவள் தரை இருக்கும் என்று நம்பிக் காலை வைத்தாள். தரை கீழே இருந்தது. முழங்கால் சில்லு நொறுங்கியது. இதில் கதாசிரியன் செய்ய என்ன இருக்கிறது?

இன்றுதான் இந்தக் கதைக்குள் நுழைகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. அந்த அக்கா ஒரு தையல்காரி. ஆறாவது மாடியில் ஆயத்த ஆடைகளை அளவு திருத்திக் கொடுக்கும் கடையில் வேலை. அந்த லிஃப்டைப் பராமரிக்கிற மெக்கானிக், அவளுடைய சொந்தத் தம்பி. இயந்திர அறைக் கதவுக்கு வெளியே நின்றே உள்ளே எந்தத் திருகு தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான் என்பதால் கம்பெனியில் அவனுக்குப் பாம்புக்காது என்று பெயர். அவன் மனைவிக்கும் அதே கம்பெனியில்தான் வேலை. ஊரில் உள்ள அத்தனை லிஃப்டுகளையும் திரையில் கண்காணிக்கிற கட்டுப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, நாள் முழுக்கப் போன் எடுப்பாள். கல்யாணமான புதிதில் வீட்டு வாசல் மணி அடித்தால்கூட "ஹலோ" என்று சொன்னவள். நாத்தனார் அன்றைக்கு வைத்த பெயர்தான் ஹலோ.

இன்றைக்கு விசாரணை. காலையில் அவனை, மத்தியானம் அவளை.

இதுவரை நான் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை இப்போது சொல்லியாக வேண்டும்.

அந்த வீட்டில் ஒரு சொல் இருந்தது. டாட்ஜி. ஆங்கிலச் சொல்தான். ஆனால் சட்டையை உள்ளே விட்டு டை கட்டிக்கொண்டு வருகிற ஆங்கிலம் இல்லை, லுங்கி கட்டிய ஆங்கிலம். அலுவலகக் கடிதத்தில் யாரும் எழுத மாட்டார்கள், மேடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். பாம்புக்காது வேலை பழகிய காலத்தில் அவனுடைய முதல் சூப்பர்வைசர் எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து "டாட்ஜி" என்பாராம். கெட்டுப்போயிற்று என்று அர்த்தம் இல்லை. நன்றாக இருக்கிறது என்றும் அர்த்தம் இல்லை. எனக்குத் தெரிகிறது, ஆனால் உனக்குக் காட்ட முடியாது என்று அர்த்தம்.

கல்யாணத்துக்குப் பிறகு அந்தச் சொல்லும் குடித்தனம் வந்தது. வெயிலில் மட்டும் விரிகிற குடை டாட்ஜி. மாடியில் குடியிருப்பவர் நம்மைக் கண்டதும் குரலைத் தாழ்த்துகிறாரே, அவர் டாட்ஜி. காரணமில்லாமல் சிரிக்கிற சித்தப்பா டாட்ஜி. லேசாகக் காய்ச்சல் வருகிற மாதிரி இருந்தால் உடம்பு டாட்ஜி. ஹலோவுக்கு அது பிடித்துப்போய், பால், ரொட்டி, பக்கத்து வீட்டுப் பூனையின் முகம் என்று கண்டதுக்கெல்லாம் சூட்டிக்கொண்டிருந்தாள். ஒரு சொல்லை அவ்வளவு வேலை வாங்கினால் அது என்னத்துக்கு ஆகும்?

அக்கா விழுந்த அன்று காலையில், பாம்புக்காது அந்தக் கட்டடத்தில்தான் இருந்தான். பிரேக் விடும்போது ஒரு இழுவைச் சத்தம் கேட்டது. மற்றவர் காதில் விழாத இழுவை. லிஃப்டை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கிப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் தரையோடு தரையாக நின்றது. மீட்டரில் ஒரு குறையும் இல்லை.

முறைப்படி செய்ய வேண்டியது என்ன? மேசையின் நம்பருக்குப் போன் போட்டு "அன்சேஃப்" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மேசையில் இருப்பவள் ஒரு பட்டனைத் தட்டுவாள், லிஃப்ட் நின்றுவிடும். அந்தப் பேச்சு பதிவாகும். ஆனால் அவன் முன்பு இரண்டு தடவை அப்படிச் சொல்லி, வந்து பிரித்துப் பார்த்தவர்களுக்கு ஒன்றும் அகப்படவில்லை. "காட்ட முடிஞ்சா மட்டும் அன்சேஃப்னு சொல்லு. உன் காதுக்காகக் கட்டடத்தையே படியேற வைக்க முடியாது" என்று இப்போதைய சூப்பர்வைசர் எல்லோர் எதிரிலும் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார்.

அதனால் அவன் மேசைக்குப் போடவில்லை. மனைவியின் சொந்த மொபைலுக்குப் போட்டான். காலையில் பாலை முகர்ந்து பார்த்துவிட்டு அவளிடம் சொல்ல மறந்ததும் அப்போது நினைவுக்கு வந்தது. அவன் சொன்னது முழுவதும் இதுதான்:

"வீட்டுல பாலும் டாட்ஜி, இங்க ஆறாம் மாடி லிஃப்டும் டாட்ஜி. ரெண்டையும் சாயந்திரம் பார்த்துக்கலாம்."

"சரி, வரும்போது பால் வாங்கிட்டு வாங்க" என்றாள் ஹலோ.

மத்தியானம் அக்கா விழுந்தாள்.

*

இன்றைக்குக் காலையில், விசாரணைக்குக் கிளம்புமுன், பாம்புக்காது பால் பாக்கெட்டை வெட்டினான். வெட்டியவன் முகர்ந்து பார்த்தான். மூக்கு சுருங்கியது. ஒன்றும் சொல்லாமல் மேடைமேல் வைத்தான்.

ஹலோவும் எடுத்து முகர்ந்தாள். அவளும் ஒன்றும் சொல்லவில்லை. தொட்டியில் கொட்டிவிட்டுக் குழாயைத் திறந்துவிட்டாள்.

அக்கா விழுந்த நாளிலிருந்து அந்தச் சொல் அந்த வீட்டில் இல்லை. யாரும் தடை போடவில்லை. இரண்டு பேரும் அதன்மேல் கால் படாமல் சுற்றி நடந்துகொண்டிருந்தார்கள்.

"கறுப்பாவே குடிக்கிறீங்களா?"

"ம்."

காபித் தூளைப் போட்டாள். ஒரு கரண்டி அதிகமாக விழுந்தது. அவன் பார்த்தான். கசக்கும் என்று தெரிந்தும் குடித்தான்.

"இன்னைக்கு அங்க போய்..." என்று ஆரம்பித்தான்.

"வேண்டாங்க."

"இல்ல, ஒரு விஷயம் மட்டும்..."

"ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்காங்க இல்ல? பேசினோமான்னு முதல் கேள்வியே அதுதான் கேப்பாங்க. எனக்குப் பொய் சொன்னா முகத்துலயே எழுதி ஒட்டியிருக்கும். தெரியும்ல உங்களுக்கு?"

தெரியும். அவன் பிறந்தநாளுக்கு ரகசியமாகச் சட்டை வாங்கி வைத்துவிட்டு, பேன்ட் பொருத்தமாக இருக்குமா என்று அவனிடமே கேட்டவள். எட்டுப் பேர் வேலை பார்க்கிற மேசையில், விதிப்படி நடக்கிறவள் என்று பேர் வாங்கியவளும் அவள் ஒருத்திதான்.

அவன் டம்ளரைக் கழுவி வைத்தான். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான்.

"அக்காவைப் பார்த்துட்டுப் போறியா?"

"ஆமா. சாப்பாடு கொடுத்துட்டு நேரா அங்கதான் வரேன்."

"அக்காகிட்ட..." என்று இழுத்தான். பிறகு, "வெந்நீர் எடுத்துட்டுப் போ" என்று முடித்தான். சொல்ல வந்தது அதுவல்ல. ஹலோவுக்குத் தெரியும். கேட்கத்தான் தைரியம் இல்லை.

*

ஆஸ்பத்திரியில் அக்கா பக்கத்துக் கட்டில்காரியின் நைட்டிக்குக் கை தைத்துக்கொண்டிருந்தாள். கால் முழுக்கக் கட்டு. அதற்கு ஒரு தலையணை முட்டு. இவள் வாயில் ஊசி.

"வா ஹலோ. இந்த நைட்டியைத் தைச்சவன் கையில கிடைச்சான்னா அவனை நான் தைச்சிருவேன். தோள் எங்க, கை எங்க பாரு."

"அண்ணி, உங்களை ஆடாம அசையாம இருக்கச் சொன்னாங்க."

"காலைத்தானே சொன்னாங்க? கை என்ன பாவம் பண்ணுச்சு?"

ஹலோ சாப்பாட்டைப் பிரித்து வைத்தாள். அக்கா சாப்பிடத் தொடங்கினாள். நாத்தனாரும் தம்பி மனைவியும் எலியும் பூனையுமாக இருக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. தாய் இல்லாத வீட்டில் தம்பியை வளர்த்து ஆளாக்கிய அக்கா, வந்தவளையும் சேர்த்து வளர்த்தாள். ஹலோவின் ரவிக்கைகளெல்லாம் அக்கா கையால் தைத்தவை. இன்றைக்குப் போட்டிருப்பதும்தான்.

"டாக்டர் வந்தாரா அண்ணி?"

"வந்தார். மறுபடி மிஷின் மிதிக்க முடியுமான்னு கேட்டேன். பார்க்கலாம்னார். எப்ப தெரியும்னேன். பார்க்கலாம்னார். இவ்வளவு படிச்சவர், கடைசியில என் தம்பி மாதிரியே பேசறார். காலு டாட்ஜிம்மான்னு நேராச் சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே?"

சொல்லிவிட்டு அக்காவே சிரித்தாள்.

ஹலோவின் கையிலிருந்த தண்ணீர் டம்ளர் சாய்ந்து போர்வையெல்லாம் நனைந்தது. எத்தனையோ நாளாக யாரும் சொல்லாத சொல். இவள் சாதாரணமாக எடுத்து வீசிவிட்டாள்.

"என்ன பொண்ணு நீ? மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு. இன்னைக்கு விசாரணை, அதானே?"

"ஆமா அண்ணி."

"அவனை என்ன பண்ணுவாங்க?"

"தெரியலை."

"லைசென்ஸைப் பிடுங்குவாங்களா?"

"அவர் முன்னாடியே தெரிஞ்சும் சொல்லலைன்னு ஆச்சுன்னா, பிடுங்கலாம்."

அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"இங்க பாரு ஹலோ. எனக்குக் கால் போச்சுன்னாலும் கை இருக்கு. பட்டன் தைப்பேன், கொக்கி வைப்பேன். அவனுக்கு அந்தக் காதை விட்டா என்ன இருக்கு? சின்னப் பையனா இருக்கறப்பவே, நான் மிஷின் மிதிச்சா பக்கத்து ரூம்ல இருந்து ஊசி மழுங்கிடுச்சுக்காம்பான். எடுத்துப் பார்த்தா மழுங்கியிருக்கும். அந்த வேலையைப் பிடுங்கிட்டா அவன் மனுஷனா நடமாட மாட்டான்."

"அண்ணி..."

"தினமும் வர்றான். இப்படிக் கால்மாட்டுல உட்கார்றான். கண்ணைப் பார்க்கமாட்டேங்கறான். என்கிட்ட எதையோ மறைக்கிறான். உனக்கு ஏதாவது தெரியுமா?"

ஹலோ சாப்பாட்டு டப்பாவின் மூடியை எடுத்தாள், வைத்தாள். அன்றைக்குக் காலையில் அவர் எனக்குப் போன் பண்ணினார் அண்ணி. நான் பால் வாங்கிட்டு வரச் சொன்னேன். இரண்டே வாக்கியம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. திரும்பக் கேட்டிருந்தால் போதும். எவ்வளவு டாட்ஜி, ஆள் ஏறலாமா கூடாதா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், இந்தக் கால் இன்றைக்கு மிஷின் மிதித்துக்கொண்டிருக்கும்.  

"அண்ணி, அன்னைக்குக் காலைல..."

"பி.பி. பார்க்கணும், கையை நீட்டுங்க" என்று நர்ஸ் வந்து நடுவில் நின்றாள்.

கையை நீட்டிக்கொண்டே அக்கா எட்டிப் பார்த்தாள். "அன்னைக்குக் காலைல என்ன?"

"ஒண்ணும் இல்ல அண்ணி. சாயந்திரம் வந்து சொல்றேன்."

"சாயந்திரம் மறக்காம சொல்லு. அவனுக்கு ஒண்ணும் ஆகாமப் பார்த்துக்க. நீ பக்கத்துல இருக்கேன்னுதான் நான் தூங்கறேன்."

ஹலோ தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். நடைபாதையில் லிஃப்ட் திறந்து காத்திருந்தது. அவள் படியில் இறங்கினாள்.

*

விசாரணை அறையில் ஒரு நீள மேஜை, நாலு நாற்காலி. ஏசி காற்று நேராக முகத்தில் அடித்தது. விசாரணை அதிகாரி ஒரு பெண். கண்டிப்பான முகத்தை எதிர்பார்த்து வந்த ஹலோவுக்கு அவளுடைய சாந்தமான முகம் இன்னும் பயமாக இருந்தது. ஓரத்தில் ஒருவர் கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்ய உட்கார்ந்திருந்தார்.

"உட்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா? உங்க வீட்டுக்காரரும் நீங்களும் இதைப் பத்திப் பேசிக்கிட்டீங்களா?"

"இல்லை மேடம்."

"ஒரு வார்த்தைகூட?"

"அவர் பேச வந்தார். நான் வேண்டாம்னுட்டேன்."

அதிகாரி புன்னகை செய்தாள். நம்பிவிட்டாள் என்று தெரிந்தது. உண்மையை நம்பவைப்பதில் என்ன கஷ்டம்?

"அவர் காலைல சொன்னதிலிருந்து ஒரு வரி படிக்கிறேன். 'ஆறாம் மாடி லிஃப்ட் டாட்ஜியா இருக்குன்னு என் மனைவிகிட்ட போன்ல சொன்னேன்.' சரியா?"

ஹலோவின் காதில் அந்த வரி நுழைந்து உள்ளே போய்க் கொஞ்ச நேரம் நின்றது. பால் எங்கே?

"சரியா?" என்றாள் அதிகாரி மறுபடி.

"சரி மேடம். சொன்னார்."

தட்டச்சு செய்பவர் கையைத் தூக்கினார். "மேடம், காலைலயே கேட்கணும்னு இருந்தேன். இந்த டாட்ஜியை எப்படிப் போடறது? அப்படியே போட்டுட்டா மேல இருக்கறவங்க என்னன்னு கேப்பாங்களே?"

"இருங்க" என்று அதிகாரி தன் மொபைலில் அகராதியைத் தேடினாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, வகுப்பில் படிக்கிற மாதிரி படித்தாள். "நம்பத் தகாதது. தரம் குறைந்தது. சரியாக இயங்காதது. ஆளைப் பற்றிச் சொன்னால், நேர்மை இல்லாதவர். ஆபத்து விளைவிக்கக்கூடியது. அடைப்புக்குள்ள பேச்சு வழக்குன்னு போட்டிருக்கு."

"இதுல எதுங்க மேடம்?"

"எல்லாத்தையும் போடுங்க."

எல்லாமும்தான். ஹலோ ஒவ்வொன்றையும் தன் வீட்டில் பார்த்திருக்கிறாள். தரம் குறைந்தது, அந்த ரொட்டி. சரியாக இயங்காதது, அந்தக் குடை. நேர்மை இல்லாதவர், பாவம் சித்தப்பா. ஆனால் ஆபத்து என்ற பொருளில் அவள் ஒரு நாளும் அதைச் சொன்னதில்லை. கைவசம் இருந்த சொல்லுக்கு இப்படி ஒரு பல் இருக்கிறதென்று அவளுக்குத் தெரியவே தெரியாது.

"ஆபத்து விளைவிக்கக்கூடியதுன்னும் ஒரு அர்த்தம் இருக்கு" என்றாள் அதிகாரி மெதுவாக. "அப்ப அவர் எச்சரிக்கை கொடுத்திருக்கார்னு ஆகுது. சொந்த போனுக்குப் பண்ணினது தப்புதான், அது வேற. ஆனா வேலையில இருக்கற மேசை ஆள்கிட்ட சொல்லியிருக்கார். மெக்கானிக் சொன்னது தெளிவா இல்லேன்னா மேசை என்ன பண்ணணும்? உங்க விதி உங்களுக்குத் தெரியும்."

"திருப்பிக் கேட்கணும் மேடம்."

"கேட்டீங்களா?"

"இல்லை."

"ஏன் கேட்கலை?"

இதோ வந்துவிட்டது.

ஏன் கேட்கவில்லை என்றால், அவர் பாலையும் லிஃப்டையும் ஒரே மூச்சில் சொன்னார் மேடம். இரண்டையும் சாயந்திரம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். திரிந்த பாலுக்குச் சமமாக வைத்த ஒன்றை நான் எப்படி ஆபத்து என்று எடுத்துக்கொள்வேன்? இதைச் சொன்னால் அவள் தப்பித்தாள். அவளுடைய வேலை, அத்தனை வருஷத்து நல்ல பேர், எல்லாம் தப்பித்தது. ஆனால் ஆள் ஏறுகிற லிஃப்டைப் பாலோடு சேர்த்துப் பேசி, சாயந்திரத்துக்குத் தள்ளிப்போட்ட மெக்கானிக்குக்கு எவன் லைசென்ஸ் கொடுப்பான்?

அவர் பாலைச் சொல்லவில்லை. ஏன்?

கோபம் வந்தது. ஒரு நொடி, நெஞ்சைச் சுட்டுக்கொண்டு வந்தது. தன்னைக் காப்பாற்றிக்கொண்டு என்னை மாட்டிவிட்டாரே என்று. அடுத்த நொடியே, காலையில் காபி போடும்போது ஒரு விஷயம் மட்டும் என்றாரே, அதுதானோ என்று தோன்றியது. பாலைச் சொல்லிவிடாதே என்று கெஞ்ச வந்தாரோ? நான்தான் வாயை அடைத்துவிட்டேனோ? அக்கா சொன்னது காதில் வந்து நின்றது. அவனுக்கு அந்தக் காதை விட்டா என்ன இருக்கு?

"ஏன் கேட்கலைம்மா?" அதிகாரியின் குரல் இன்னும் சாந்தமாக இருந்தது.

"கவனிக்கலை மேடம்."

"என்ன கவனிக்கலை?"

"வேற வேலையா இருந்தேன். காதுல சரியா வாங்கிக்கலை. என் தப்புதான்."

"அந்தப் போன்ல அவர் வேற ஏதாவது சொன்னாரா? யோசிச்சுச் சொல்லுங்க. சாதாரண வீட்டு விஷயமா இருந்தாலும் பரவாயில்லை."

ஹலோ மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ரவிக்கையின் கைப்பகுதி இறுக்கியது. தளர்த்தித் தருகிறேன் என்று அக்கா போன மாசம் சொல்லியிருந்தாள்.

"இல்லை மேடம். லிஃப்டைப் பத்தி மட்டும்தான்."

"வேற எதுவுமே இல்லை?"

"இல்லை."

பொய் சொன்னால் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும் என்று காலையில் அவளே சொன்னாள். அதிகாரி அதை நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தாள். கோபப்படவில்லை. வருத்தப்பட்ட மாதிரிதான் இருந்தது.

"சரி. அச்சடிச்சதும் படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க. வெளியில உட்காருங்க, கூப்பிடறேன்."

ஹலோ கையெழுத்துப் போட்டாள். எழுத்து கோணாமல் வந்தது. அதுவே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

*

நடைபாதை பெஞ்சில் பாம்புக்காது உட்கார்ந்திருந்தான். காலையிலேயே முடிந்தும் வீட்டுக்குப் போகவில்லை. இவளைக் கண்டதும் எழுந்தான்.

"சாப்பிட்டியா?"

"ம்."

சாப்பிடவில்லை. அதுவும் பொய்தான். ஒன்று சொன்ன பிறகு இரண்டாவது சுலபமாக வருகிறது.

இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். அவன் முகம், எத்தனையோ நாளுக்குப் பிறகு, பாரம் இறக்கின முகமாக இருந்தது. அதைப் பார்த்ததும் செய்தது சரிதான் என்று ஹலோவுக்குத் தோன்றியது. என் வேலை போனால் போகட்டும். இந்த முகம் போதும்.

"இப்ப பேசலாம்ல? உன்னுதும் முடிஞ்சுருச்சே" என்றான்.

"பேசுங்க."

"காலைல உன்கிட்ட அதைத்தான் சொல்ல வந்தேன். நான் எல்லாத்தையும் சொல்லிடப் போறேன்னு."

"எல்லாத்தையும்னா?"

"அன்னைக்குச் சொன்னது மொத்தமும். லிஃப்டைப் பத்திச் சொன்னேன்னு முதல்ல சொன்னேன். அதுக்கப்புறம், பாலையும் அதையும் ஒண்ணாச் சேர்த்துச் சொன்னேன், அவளுக்கு எப்படித் தெரியும், அவ மேல தப்பே இல்லைன்னு சொல்லிட்டேன். ரெண்டையும் சாயந்திரம் பார்த்துக்கலாம்னு நான்தான் சொன்னேன்னும் சொல்லிட்டேன். அந்தம்மா எல்லாத்தையும் எழுதிக்கிச்சு."

ஹலோ அவனையே பார்த்தாள்.

"லைசென்ஸ் போனாப் போகட்டும். நீ இதுல மாட்டக் கூடாது. விதி விதின்னு உயிரை விடற ஆளு நீ. என் வாயால உனக்கு ஒரு கெட்ட பேர் வந்துச்சுன்னா, அக்கா என்னைச் செருப்பால அடிப்பா." சிரிக்கப் பார்த்தான். "உன்கிட்டயும் பாலைப் பத்திக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"சொன்னேல்ல?"

அவள் கைப்பையின் பிடியைத் திருகினாள்.

"ஹலோ?"

"நீங்க சொன்னதுல ஒரே ஒரு வரிதான் எனக்குப் படிச்சுக் காட்டினாங்க. லிஃப்ட் வரி. அதுல பால் இல்லை. நீங்க மறைச்சிருக்கீங்கன்னு நினைச்சேன்."

"நினைச்சு?"

"வேற ஒண்ணும் சொல்லலைன்னு சொல்லிட்டேன். லிஃப்டைப் பத்தி மட்டும்தான் பேசினார், நான்தான் கவனிக்கலைன்னு. கையெழுத்தும் போட்டுட்டேன்."

அவன் முகத்தில் இறங்கியிருந்த பாரம் திரும்பி வந்து ஏறுவதை அவள் கண்ணெதிரில் பார்த்தாள். ஒன்றும் செய்ய முடியாமல் பார்த்தாள்.

"ஏம்மா?" என்றான் கடைசியில். அதட்டலாகக்கூட வரவில்லை.

"உங்களுக்காகத்தான்."

"நானும் உனக்காகத்தானே..."

அதற்குமேல் இரண்டு பேருக்கும் ஓடவில்லை. அவன் சொன்னது உண்மை. அவள் பொய் சொன்னவள். அல்லது அவள் சொன்னது உண்மை. அவன் மனைவியைக் காப்பாற்றக் கதை கட்டியவன். இரண்டில் எதை எடுத்துக்கொண்டாலும் ஒருத்தர் பேச்சுக்கு இனி அந்த அறையில் மதிப்பில்லை. பேசி வைத்துக்கொண்டு வந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது. பேசக் கூடாது என்ற விதியை அந்தக் கட்டடத்திலேயே ஒழுங்காகக் கடைப்பிடித்தவர்கள் இவர்கள் இரண்டு பேர்தான்.

"உள்ளே போய் மாத்திச் சொல்லிடட்டுமா?" என்றாள்.

"இப்பப் போனா, இங்க உட்கார்ந்து பேசி வச்சுக்கிட்டு வந்தோம்னு ஆயிரும்."

"போகலைன்னா?"

 பெஞ்சில் கிடந்த அவள் கையின்மேல் தன் கையை வைத்தான். வைத்த கை சில்லென்று இருந்தது.

அவன் தலை லேசாக ஒரு பக்கம் சாய்ந்தது. கதவுக்கு அந்தப்புறம் நாற்காலி நகர்கிற சத்தம் அவன் காதுக்கு முதலில் கேட்டிருக்க வேண்டும். அவள் கையை இறுகப் பிடித்தான். பிறகுதான் கதவு திறந்தது. அதிகாரி நின்றாள். ஒரு கையில் அவன் சொன்னது, ஒரு கையில் அவள் சொன்னது.

"ரெண்டு பேரும் ஒரு நிமிஷம் உள்ளே வர்றீங்களா?"

எழுந்தார்கள். அதே நேரத்தில் ஹலோவின் கைப்பைக்குள் போன் அடித்தது. எடுத்தாள். திரையில் அண்ணி.

"எடுத்துப் பேசிட்டே வாங்க, பரவாயில்லை" என்று அதிகாரி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. சாயந்திரம் சொல்கிறேன் என்று விட்டுவிட்டு வந்த பாதிப் பேச்சு. நீ பக்கத்தில் இருக்கிறாய் என்றுதான் தூங்குகிறேன் என்றவள்.

"அவனுக்கு ஒண்ணும் ஆகலையேன்னு கேப்பாங்க" என்றாள் ஹலோ, புருஷனைப் பார்த்து. "என்னன்னு சொல்லட்டும்?"

பாம்புக்காது வாயைத் திறந்தான். எல்லாவற்றுக்கும் அவனிடம் ஒரு சொல் இருந்தது. இதற்கு அதுவும் வரவில்லை.